25 கிலோ அரிசி மூட்டை

சிங்கப்பூர் தேக்கா வட்டாரக் கடைகளில் 25 கிலோ அரிசி மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவது சர்வசாதாரணம். ஆனால் அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையாஷ் (NIOSH) 1991இல் திருத்திய கணக்குப்படி, எல்லாம் சாதகமாக இருந்தாலே உச்ச எடை 23 கிலோதான். அதுவும் கணுக்கால்களுக்கு நடுவிலிருந்து கை 25 செ.மீ. தள்ளி இருந்தால். 50 செ.மீ. ஆனால் பாதி, 11.5 கிலோ!

படுத்த மூட்டையைக் குனிந்து இழுக்காதீர்கள். ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்கி, மூட்டையை நிமிர்த்தி, வயிற்றோடு அணைத்து எழுங்கள். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வையுங்கள். லாரி இறக்கும் அவசரத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இடுப்புப் பட்டை காப்பாற்றும் என்பதெல்லாம் வெறும் நம்பிக்கை.

மூட்டையைத் தரையில் போடாமல், இரண்டு மூன்று பேலட்டுகளை (சரக்கு வைக்கும் பலகைத் தட்டுகளை) ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் அடுக்கினால் பாதிக் குனிவு மிச்சம். டிராலியை இழுக்காமல் தள்ளுங்கள். மழை நாளில் அஞ்சடியின் (கடைமுன் நடைபாதையின்) தரை ஓடு வழுக்கும்.