சீனி குறைத்த சிஃபான் கேக்: எங்கே குறைப்பது, எங்கே கை வைக்கக் கூடாது

ஸ்பாஞ்ச் கேக்கில் சீனியைப் பாதியாக்கினால் இனிப்பு மட்டும்தான் பாதியாகும் என்று நம்பிச் செய்தால், ஓவனிலிருந்து வெளியே வருவது ரப்பர் தட்டு. (சர்க்கரை என்று எழுதினால் பொருளா நோயா என்ற குழப்பம் வரும். அதனால் இங்கே சீனி.) அடித்த வெள்ளைக்கருவின் நுரையைத் தாங்குவதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சீனிதான். முட்டை சட்டென்று இறுகிவிடாமல் தள்ளிப்போட்டு, கேக் எழும்ப அவகாசம் கொடுப்பதும் அதுவே.

ஏஞ்சல் ஃபுட் கேக்கை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். அதில் மஞ்சள் கரு இல்லை, கொழுப்பும் இல்லை. முழுக்கச் சீனியை நம்பி நிற்பது. சிஃபான்தான் சரி. 1927-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹாரி பேக்கர் என்பவர் உருவாக்கி, இருபது ஆண்டுகள் ரகசியமாக வைத்திருந்து, 1947-ல் ஜெனரல் மில்ஸ் என்ற அமெரிக்க உணவு நிறுவனத்துக்கு விற்ற செய்முறை அது. ரகசியம் வெறும் எண்ணெய்! சீனி குறையும்போது போகும் மென்மையை அந்த எண்ணெய் ஓரளவு ஈடுகட்டிவிடும்.

17 செ.மீ. நடுக்குழல் டின்னுக்கு வழக்கமாக 80 கிராம் சீனி போகும். அதை 25 கிராமாக்கி, கூடவே எரித்ரிட்டால் என்ற சீனி மாற்றை 20 கிராம் சேர்க்கலாம். எரித்ரிட்டாலின் இனிப்பு சீனியில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், மொத்த இனிப்பு பழையதில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். முக்கியமான விஷயம், அந்த 25 கிராம் சீனியும் வெள்ளைக்கருவுக்கே போக வேண்டும். மஞ்சள் கரு பக்கம் ஒரு சிட்டிகை சீனிகூட வேண்டாம். எரித்ரிட்டால் மட்டும் போதும்.

45 மி.லி. பாலை வெதுவெதுப்பாக்கி, பொடித்த எரித்ரிட்டாலைக் கரையுங்கள். அதில் 4 மஞ்சள் கரு, 35 மி.லி. வாசனையில்லாத எண்ணெய், வெனிலா, ஒரு ஆரஞ்சின் துருவிய தோல், சிட்டிகை உப்பு. ஆரஞ்சுத் தோலைத் தவிர்க்காதீர்கள், மணம் இருந்தால் நாக்கு குறைந்த இனிப்பையும் ஏற்றுக்கொள்ளும். 55 கிராம் மைதா, 10 கிராம் கார்ன்ஃப்ளோர், அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடரைச் சலித்துச் சேர்த்து, கட்டியில்லாமல் கலக்குங்கள்.

சொதப்பல் பெரும்பாலும் அடுத்த கட்டத்தில்தான். 4 வெள்ளைக்கருவோடு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, நடுத்தர வேகத்தில் அடித்து, நுரை வந்ததும் சீனியை மூன்று தடவையாகப் போடுங்கள். சீனி குறைவாக இருப்பதால் நுரை சீக்கிரமே எல்லை தாண்டிவிடும். பஞ்சு பஞ்சாகப் பிரிந்து அடியில் தண்ணீர் விட்டால் கதை முடிந்தது; மாவில் கலக்காது, கேக்கில் ஓட்டை விழும். பீட்டரைத் தூக்கினால் நுனி கிளி மூக்குபோல வளைய வேண்டும். விறைத்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு நுரையை மாவில் கலந்து இளக்கிவிட்டு, மீதியை மடித்துச் சேருங்கள்.

டின்னில் எண்ணெய் தடவக் கூடாது, நான்ஸ்டிக் டின்னும் கூடாது. கேக் சுவரைப் பிடித்துத்தான் ஏறுகிறது, கவிழ்த்து ஆறவைக்கும்போதும் அந்தப் பிடிதான் அதைத் தாங்கும். 160 டிகிரியில், கீழ்த் தட்டில், 30 முதல் 33 நிமிடம். மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும், ஏனென்றால் எரித்ரிட்டால் சிவக்காது. நிறம் வரட்டும் என்று விட்டால் கேக் வறண்டுவிடும். குச்சி சுத்தமாக வந்ததும் எடுத்து, உடனே கவிழ்த்து, முழுக்க ஆறிய பிறகு கத்தி விட்டு எடுங்கள். மறுநாள் வைத்தால் காய்ந்துபோகும்.

குறைத்த 55 கிராம் சீனிக்குப் பதில் எரித்ரிட்டாலையும் 55 கிராமாகவே போட்டால் என்ன? அவ்வளவும் கரையாது, ஆறியதும் மணல்போல நறநறக்கும், நாக்கில் புதினா தின்றதுபோல ஒரு குளிர்ச்சியும் வரும். மற்ற சீனி மாற்றுகளும் சரிவராது. ஸ்டீவியா சொட்டில் இனிப்பு உண்டு, கனம் இல்லை. அஸ்பார்டேம் மாத்திரை சூட்டில் இனிப்பை இழக்கும். சில சுக்ரலோஸ் பொடிகளில் நிரப்பியாக மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் இருக்கும், அது ரத்தச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றுமே ஆரோக்கியப் பெயரில் வரும் சீனிதான்.

எட்டுத் துண்டாக வெட்டினால், மாவும் சீனியும் சேர்ந்து துண்டுக்குச் சுமார் 9 கிராம் மாவுச்சத்து. பழைய அளவில் 16. மிச்சமிருப்பதில் பெரும்பங்கு மைதாவுடையது என்பதால், "சீனி குறைவுதானே" என்று மூன்று துண்டு வைத்துக்கொள்ள முடியாது.

மேலே வைக்க, கடையில் கிடைக்கும் விப்பிங் கிரீம் பலவற்றில் ஏற்கெனவே சீனி கலந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். அதற்குப் பதில், துணியில் கட்டி நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் தொங்கவிட்ட தயிர், அதன்மேல் ஸ்ட்ராபெரித் துண்டுகள். ஸ்ட்ராபெரி இல்லாத மாதங்களில் சிவப்புக் கொய்யா.