கதவைச் சாத்தியவன்: 'ஏஞ்சல்' பார்த்த நாட்கள்

ஜனவரி 9, வெள்ளி

'ஏஞ்சல்' இரண்டாம் சீசனில் பாதிக்கு வந்தாயிற்று. பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 'பஃபி' தொடரிலிருந்து கிளை பிரிந்து, 1999 முதல் 2004 வரை ஐந்து சீசன் ஓடிய தொடர் இது. நாயகன் ஏஞ்சல் ஒரு ரத்தக்காட்டேரி. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கொன்று குவித்தவன். 1898இல் ஒரு ரோமானிப் பெண்ணைக் கொல்கிறான். அவளுடைய குலத்தார் அவனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் சாபம். செய்த கொலை ஒவ்வொன்றும் நினைவிருக்கும், இனி மனசாட்சியும் உறுத்தும். ஒரு கணம் முழுமையான மகிழ்ச்சியை அனுபவித்தால் ஆன்மா போய், பழைய ஏஞ்சலஸ் வந்துவிடுவான்.

ரசிகர்களில் பாதிப்பேர் கொண்டாடுவது இந்த ஏஞ்சலஸைத்தான். எனக்கு என்னவோ அவன்மேல் பெரிய ஈடுபாடு வரவில்லை. ஆன்மா இல்லாதவன் கொல்கிறான், சரி. புலி மானை அடிக்கிறது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜனவரி 10, சனி

இன்றைக்குப் பார்த்தது 'ரீயூனியன்'. 2000 டிசம்பரில் ஒளிபரப்பானது. இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

டார்லா, ஏஞ்சலைக் காட்டேரி ஆக்கியவள். அவளை வுல்ஃப்ரம் அண்ட் ஹார்ட் என்கிற வக்கீல் நிறுவனம் மனுஷியாக உயிர்ப்பித்துக் கொண்டுவருகிறது. மனுஷியாக வந்ததும் பழைய மேகநோயும் கூடவே வந்துவிடுகிறது. சாகப்போகிறாள். ஏஞ்சல் அவளுக்காக உயிரைப் பணயம் வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. கடைசியில் சாவை ஏற்றுக்கொள்ள அவள் மனம் தயாரான நேரத்தில், ட்ருசில்லா என்கிற இன்னொரு காட்டேரியைக் கூட்டிவந்து அவன் கண்ணெதிரே அவளை மறுபடி காட்டேரி ஆக்குகிறார்கள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் அந்த நிலவறைக் காட்சி. நிறுவனத்தின் பெரிய தலை ஹாலண்ட் மேனர்ஸ் தன் வீட்டில் ஒயின் விருந்து வைக்கிறார். வக்கீல்கள் கூடியிருக்கிறார்கள். டார்லாவும் ட்ருசில்லாவும் பசியோடு உள்ளே நிற்கிறார்கள். ஏஞ்சல் வந்து சேர்கிறான். ஹாலண்ட் கெஞ்சுகிறார், இங்கே ஆட்கள் சாகப்போகிறார்கள் என்கிறார். ஏஞ்சலோ, என்ன செய்தும் தனக்கு அக்கறை வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டுப் போகிறான்.

பக்கத்தில் தம்பி, "என்ன மாஸ்!" என்று துள்ளினான். நானும் கைதட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது: ஆன்மா எங்கேயும் போகவில்லையே! இது ஏஞ்சலஸ் இல்லை. முழு மனசாட்சியோடு, முழு நினைவோடு ஏஞ்சலேதான் பூட்டினான்.

அவனுடைய அலுவலகத்தில் வேலை செய்யும் நண்பர்கள் வெஸ்லி, கொர்டீலியா, கன் மூவரும் அவனிடம் பேசிப் பார்க்கிறார்கள். உனக்கும் இருட்டுக்கும் நடுவில் நிற்பது நாங்கள் மட்டும்தான் என்கிறார் வெஸ்லி. எல்லாரையும் வேலையை விட்டே அனுப்பிவிடுகிறான். ஒரே வரியில்.

ஜனவரி 12, திங்கள்

'ரீடெஃபினிஷன்'. வாயைத் திறந்து பேசவே மாட்டேன் என்கிறான், மனக்குரல்தான் ஒலிக்கிறது. தான் குடியிருக்கும் ஹோட்டலில் தனியாகச் சண்டைப் பயிற்சி செய்கிறான். பெட்ரோலைக் கொட்டி, சிகரெட்டைச் சுண்டிவிட்டு டார்லாவையும் ட்ருசில்லாவையும் எரிக்கிறான். காயத்தோடு தப்பிவிடுகிறார்கள். ஏஞ்சலாக நடிக்கும் டேவிட் போரியானாஸுக்கு முகத்தில் நிறைய உணர்ச்சி வராது என்று குறை சொல்வார்கள். இங்கே அந்த அசையாத முகம்தான் வேலை செய்கிறது.

ஜனவரி 17, சனி

நடுவில் மூன்று எபிசோடுகள். ஒன்று பரவாயில்லை, மற்ற இரண்டையும் போகிறபோக்கில் பார்க்கலாம்.

தம்பியோடு சண்டை. "செத்தவங்க யாரு? கெட்டவங்கதானே. அவன் கையால கொல்லக்கூட இல்லையே" என்கிறான். அதுதான்டா எனக்கு உறுத்துகிறது. தானே இறங்கிச் சண்டை போட்டிருந்தால் அதில் ஒரு பொறுப்பு இருந்திருக்கும். இவன் பூட்டு மட்டும் போட்டான். நாதியற்றவர்களுக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு அலுவலகம் நடத்துகிறவன், யாருக்கு உதவி கிடையாது என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டான்.

இன்னொன்றையும் தம்பி மறந்துவிட்டான். இத்தனை பேர் செத்தும் அந்த நிறுவனத்துக்கு என்ன நஷ்டம்? ஹாலண்டின் நாற்காலி காலியானது, தப்பித்த வக்கீல்கள் லிண்ட்சேக்கும் லைலாவுக்கும் பதவி உயர்வு. அவ்வளவுதான்! எழுத்தாளர்கள் இதைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்தது.

ஜனவரி 18, ஞாயிறு

'ரிப்ரைஸ்'. செத்த ஹாலண்ட் லிஃப்டில் வந்து நிற்கிறார். ஒப்பந்தம் சாவோடு முடியாதாம். வக்கீல் நிறுவனம் என்றால் இதுவல்லவா! தீமையின் தலைமையகத்தையே அழித்துவிடுவேன் என்று ஏஞ்சல் ஏறுகிறான். லிஃப்ட் கீழே, கீழே போய்க் கதவு திறந்தால் அதே லாஸ் ஏஞ்சலிஸ் தெரு. தலைமையகம் என்று தனியாக ஒன்றும் இல்லை, மனிதர்கள் இருக்கிற இடம்தான்.

ஜெயிக்கலாம் என்று நம்பித்தான் இவன் கதவைச் சாத்தினான், நண்பர்களைத் துரத்தினான். ஜெயிப்பது என்று ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்ததும் கையில் மிச்சம் எதுவும் இல்லை. நேராக டார்லாவிடம் போய்விழுகிறான். அந்தப் பக்கம் வேலை பறிபோன போலீஸ்காரி கேட் மாத்திரைகளை விழுங்கிவிட்டுப் போனில் பேசுகிறாள், இவன் காதில் வாங்கவில்லை. இத்தோடு நிறுத்திவிட்டார்கள்! 2001இல் இதைப் பார்த்தவர்கள் அடுத்த வாரம் வரை எப்படி இருந்தார்களோ.

அதே இரவு, தூக்கம் வராமல்

'எபிஃபனி'யையும் பார்த்துவிட்டேன். ஆன்மா போகவில்லை. போகாது, ஏனென்றால் டார்லாவோடு கழித்த அந்த இரவில் மகிழ்ச்சி துளியும் இல்லை, விரக்திதான் இருந்தது. சாபத்தின் விதியை இப்படித் திருப்புவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஓடிப்போய்க் கேட்டின் கதவை உடைத்துக் காப்பாற்றுகிறான். பிறகு அவளிடம் சொல்வது: நாம் செய்வதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை என்றால், மிஞ்சுவது நாம் செய்வது மட்டும்தான். வசனம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது கேட் சொன்னது. அழைக்காமல் ஒரு வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது, இந்தத் தொடரில் அது மாறாத விதி. நான் உன்னை உள்ளே கூப்பிடவே இல்லையே என்கிறாள். எப்படி நுழைந்தான் என்று யாரும் விளக்குவதில்லை. விளக்காததற்கு நன்றி.

ஜனவரி 24, சனி

நண்பர்களிடம் திரும்பிப் போகிறான். மறுபடி என்னிடம் வேலைக்கு வாருங்கள் என்று கேட்கவில்லை, நான் உங்களிடம் வேலை செய்கிறேன் என்கிறான். வெஸ்லிதான் இனி முதலாளி. இதுவரை சரி.

ஆனால் கொர்டீலியா? தன் துணிமணிகளை அவன் தானம் கொடுத்துவிட்டான் என்று குமுறுகிறாள். 'டிஸ்ஹார்மனி'யில் புதுத் துணி வாங்கித் தந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆபத்தில் இருப்பவர்களைக் காட்டும் தரிசனங்கள் அவளுக்குத் தாங்க முடியாத வலியோடு வந்தபோதெல்லாம் இவன் பக்கத்தில் இல்லையே, அதற்கு எத்தனை கடைத் துணி ஈடாகும்? இன்னும் இரண்டு எபிசோடாவது அவள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்க வேண்டும். தம்பியிடம் இதைச் சொன்னால் "உனக்கு மன்னிக்கவே தெரியாது அக்கா" என்கிறான். டார்லா கதை இன்னும் முடியவில்லை, மூன்றாம் சீசன் பார்த்துவிட்டுப் பேசு என்று வேறு மிரட்டுகிறான். நாளைக்கு ஆரம்பிக்கிறோம்.