பதினாலாம் நம்பரும் குடமும்

பதினாலாம் நம்பர் காலமான செய்தி நம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்த இரவு சிங்கப்பூர், ஈப்போ, துபாய், சிட்னி என்று எல்லா மூலையிலிருந்தும் இரங்கல் வந்து குவிந்தது. ஒருவர்கூட அவர் பெயரை எழுதவில்லை. நம்பரைத்தான் எழுதினார்கள். விடிவதற்குள் பேச்சு வழக்கமான சண்டைக்குத் தாவிவிட்டது: நம் காலத்துக் கூடைப்பந்து டீமில் யார் பெரிய ஆட்டக்காரர், ஏழா, பதினொன்றா?

இந்த மலரைப் புரட்டும் நம் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அன்றைய சர்வதேச விதிப்படி பனியன் எண்கள் 4 முதல் 15 வரைதான். ஒன்று, இரண்டு, மூன்று விரல்களை நடுவர் வேறு சைகைகளுக்கு வைத்துக்கொண்டார். அதனால் நாலுக்குக் கீழே நமக்கு நாயகர்களே கிடையாது.

ஏழாம் நம்பர் கட்சிக்காரர்கள் சொல்வது நியாயம்தான். நம்முடையது செம்மண் தரை. மேல்மண் காற்றில் பறந்துவிட்டால் அடியில் செம்புறாங்கல் துருத்தும், அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று பிள்ளையார்பட்டியாருக்கே தெரியாது. மதுரையிலிருந்து வந்த சிமென்ட் தரைப் பையன்கள் இடுப்பளவு பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, பாதி மைதானத்திலேயே பறிகொடுத்துவிட்டு முழிப்பார்கள். ஏழாம் நம்பர் முழங்காலுக்கு மேல் பந்தை விடமாட்டார். பந்து எழும்பும் தூரம் குறைந்தால் அது விலகும் தூரமும் குறையும், அவ்வளவுதான் சூட்சுமம். அவருக்கு இடது கையும் வலது கை மாதிரியே ஓடும்.

பதினொன்றாம் நம்பர் மூலைக்காரர். வெளியே நின்று போட்டால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடு 1984இல் சர்வதேச விதியானது, அப்போது வளையத்திலிருந்து 6.25 மீட்டர், 2010லிருந்து 6.75. பி.டி. சார் வளையத்தின் மையத்துக்கு நேர் கீழே, எல்லைக்கோட்டிலிருந்து 1 மீட்டர் 57 சென்டிமீட்டர் அளந்து முளை அடித்து, கயிற்றைக் கட்டிச் சுற்றிவந்து சுண்ணாம்பு தூவுவார். தேங்காய்நார்க் கயிறு இழுத்தால் கொடுக்கும். இழுத்தவன் பலசாலியாக இருந்தால் கோடு ஒரு சாண் தள்ளிப்போகும். தான் அந்தச் சாணுக்குள் நின்று எறிந்ததாகி, தன் பாதிப் பந்துகள் இரண்டு புள்ளியோடு போயின என்பது பதினொன்றின் ஆயுட்கால வழக்கு. பிறகு சார் கட்டுக்கம்பிக்கு மாறினார்.

பதினாலைப் பற்றி மட்டும் குழுவில் யாரும் வாதாடவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

அவர் நடு ஆட்டக்காரர். ஆறடி மூன்றங்குலம், கதவு மாதிரித் தோள். வளையத்தடியில் அவரிடம் பந்து போனால் எதிராளிக்கு ஒரே வழி, கையைப் பிடித்து இழுப்பது. இழுத்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று எறியும் வாய்ப்பு, விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அங்கேதான் அண்ணனுக்குக் கண்டம். மேலிருந்து எறிந்தால் பத்துக்கு நாலு விழும். கை பெரிது, கடைசி நொடியில் ஒரு விரல் அழுத்தினாலும் பந்து பக்கவாட்டில் போய்விடும்.

சார் அவருக்குக் கீழிருந்து போடக் கற்றுக்கொடுத்தார். பாதம் தோளகலம். பந்தின் இரு பக்கமும் கை, கட்டைவிரல் இரண்டும் மேலே. கையை மடக்காமல் தொடைகளுக்கு நடுவே தொங்கவிட்டு, முழங்காலை மட்டும் மடக்கி எழும்போது கை தானாக மேலே வரவேண்டும், கண் மட்டத்தில் பந்தை விட்டுவிட வேண்டும். இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்வதால் பக்கவாட்டுப் பிழை குறையும். பின்சுழற்சி இருப்பதால் விளிம்பில் பட்டாலும் பந்து துள்ளாமல் சாவகாசமாக உள்ளே உருளும். முழங்கை மடங்கினால் பந்து தட்டையாகப் போகும்; ஒரு மணிக்கட்டு முந்தினால் கோணிக்கொள்ளும். விரலில் செம்மண் புழுதி இருந்தால் வழுக்கும், அதற்காகவே அவர் இடுப்பில் ஒரு ஈரிழைத் துண்டு.

சார் தரையிலேயே குச்சியால் கணக்கும் போட்டுக் காட்டுவார். வளையத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர், பந்து ஏறக்குறைய 24. நேர் மேலிருந்து விழும் பந்துக்கு 45ம் திறந்திருக்கிறது. 45 பாகையில் சரிந்து வந்தால் வாய் 32 ஆகச் சுருங்கும். 30 பாகையில் வந்தால் இருபத்திரண்டரை, விளிம்பில் இடிக்காமல் நுழையவே முடியாது. ஆகவே உயரப் போடு. ஆடிக் காற்றில் மட்டும் இந்த உயரமே வினையாகும். அந்த ஒரு மாதம் கொஞ்சம் தாழ்த்திப் போடச் சொல்வார். தினம் ஐம்பது. இரண்டு மாதத்தில் பத்துக்கு ஏழு விழ ஆரம்பித்தது.

விழுந்து என்ன? வேப்பமரத்தடிச் சுவரில் உட்கார்ந்திருந்த நமக்கு அது ஊருணியில் தண்ணீர் மொண்டு குடத்தைத் தூக்குகிற மாதிரி இருந்தது. "கொடம்... கொடம்..." என்று ஆரம்பித்தோம். பந்தை வாங்கிய ஐந்து நொடிக்குள் எறிய வேண்டும். அந்த ஐந்து நொடிக்கும் கைதட்டித் தாளம் போட்டோம். "ஊருணிக்கு வழி விடுங்கப்பா!" என்ற குரலை முதலில் எழுப்பியவர் இந்த மலருக்கு முழுப்பக்க விளம்பரம் தந்திருக்கிறார், பெயர் வேண்டாம். நம் டீமின் ஆள், நம் மைதானம், நம் வாய்.

மண்டல இறுதிப் போட்டியும் அங்கேதான். ஒரு புள்ளி பின்னால், முடிய நாலு நொடி, பதினாலுக்கு இரண்டு எறிதல். தாளம் தொடங்கியது, பாசத்தில்தான் என்று இன்றும் சிலர் சாதிக்கிறார்கள். அவர் ஒருமுறை சுவர்ப் பக்கம் பார்த்தார். துண்டால் கையைத் துடைத்தார். பந்தை நெற்றிக்கு மேல் தூக்கினார். முதலாவது முன்விளிம்பில் பட்டு முகத்துக்கே திரும்பியது. இரண்டாவது பின்விளிம்பு.

அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் வில்ட் சேம்பர்லினும் இதே பாதையில் போனவர்தான். 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி குவித்தபோது கீழிருந்து எறிந்துதான் 32 ஃப்ரீ த்ரோவில் 28 போட்டார். பிறகு, பெண்பிள்ளைத்தனமாகத் தெரிகிறது என்ற கூச்சத்தில் அந்த முறையையே விட்டுவிட்டார். இன்னொரு அமெரிக்க ஆட்டக்காரர் ரிக் பாரி கூச்சப்படாமல் கடைசிவரை அப்படியே போட்டு, நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி வைத்திருந்தார். இதெல்லாம் நாடு விட்டு இங்கே வந்து, குளிரூட்டிய அரங்கின் மரத்தரையில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும்போது நாம் போனில் படித்துத் தெரிந்துகொண்டவை.

தோற்ற மறுநாள் சார் யாரையும் திட்டவில்லை. ஃப்ரீ த்ரோ கோட்டருகே அந்த ஐம்பது ஐம்பதாய் மிதிபட்டு விழுந்திருந்த குழியைக் காட்டி, "மண்ணைப் போட்டு மூடுங்கடா" என்றார். மூடினோம். தண்ணீர் தெளித்து உருளையும் உருட்டினோம். அந்த வருஷம் முடிந்ததும் திருச்சியிலும் சென்னையிலும் விமானம் ஏறியவர்கள் ஏறினோம். ஏறிய யாரும் அவருக்கு ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை.

அவர் எங்கும் போகவில்லை. தேவகோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராகி முப்பது வருஷம் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். துஷ்டிக்குப் போய்வந்த நண்பர் அங்கே வந்திருந்த பழைய பையன்களிடம் விசாரித்திருக்கிறார். முழங்கால் உயரத்தில் பந்து தட்டுவதிலிருந்து முளை அடித்துக் கோடு போடுவது வரை நம் சார் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாராம். கீழிருந்து எறிவதை மட்டும் ஒரு பையனுக்கும் காட்டவில்லையாம்.