குழியின் சுவர்

கன்று நடுவதற்காக இன்று தோண்டிய குழியின் பக்கச் சுவர் என்னை அப்படியே உட்காரவைத்துவிட்டது.

மேலே ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு. மெல்லிய வேர்கள், ஒரு மண்புழு. அதற்குக் கீழே சட்டென்று செம்மை. இரும்பின் துரு நிறம்.

இரண்டிலும் ஒரு பிடி எடுத்து, நீர் தெளித்து உருட்டினேன். மேல்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அடிமண்ணோ கயிறுபோல் நீண்டது, அறுந்துபோகவே இல்லை! 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறிய களித்துகள்கள். மழைநீர் மேலிருந்து இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தவை. நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், வேருக்குக் காற்றை எளிதில் விடாது.

இன்னும் ஆழத்தில் சிதைந்த பாறை, அதனடியில் முழுப் பாறை.

ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் ஆகலாம். நான் அதை இரண்டே வெட்டில் வாரிக் கொட்டியிருந்தேன்.

கறுப்பு மண்ணைத் தனியே குவித்து வைத்திருக்கிறேன். கன்றை நட்டதும் அதுதான் மறுபடி மேலே வரவேண்டும்.