144ஏ, பிரௌன்லோ ஹில்

என் மாமியார் லிவர்பூல்காரர். அவருடைய பாட்டியின் பிறப்புச் சான்றிதழில், பிறந்த இடம் '144ஏ, பிரௌன்லோ ஹில்' என்றிருக்கிறது. ஏதோ வாடகை வீடு என்றுதான் அத்தை நினைத்திருந்தார். தேடினால், அது வொர்க்ஹவுஸ்! போக்கிடம் இல்லாத ஏழைகளைச் சேர்த்துக்கொண்டு வேலை வாங்கிய இடம். அங்கே பிறந்தது தெரிந்தால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் இழுக்கு என்று, 1904 முதல் சான்றிதழில் வெறும் தெரு முகவரி போட்டிருக்கிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு அது பூட்டு.

அப்புறம் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. குடும்பத்தலைவரே கைப்பட நிரப்பிய படிவம். கல்யாணமான பெண்களுக்கு எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது, எத்தனை இறந்தது என்று தனித்தனிக் கட்டங்கள். பாட்டியின் அம்மாவுக்கு 7, 4, 3. அத்தை அந்த 3-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போட எழுந்துவிட்டேன்.

வயதை மட்டும் நம்பக்கூடாது. 1841 கணக்கெடுப்பில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

வொர்க்ஹவுஸ் கட்டடம் இப்போது இல்லை. 1931-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில்தான் கத்தோலிக்கப் பேராலயம் நிற்கிறது. அத்தைக்குக் கல்யாணம் நடந்ததும் அங்கேதான்.