விடியும்வரை தட்டிய தோல்

இத்தாலியின் குதிகாலில், சலேந்தோ வட்டாரத்தில், தோரெபதூலி என்று ஒரு சின்ன ஊர். ஆகஸ்ட் 15 ராத்திரி பதினோரு மணிக்கு அங்கே போய் இறங்கினேன். அன்று நாடு முழுக்க விடுமுறை, பஸ்ஸை நம்ப முடியாது. நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாதான் காரில் கொண்டுவந்து விட்டார். "காலையில வந்து கூட்டிட்டுப் போறேன். எப்படியும் உனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் சான் ரோக்கோ என்ற புனிதரின் திருநாள். முன்பெல்லாம் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் நடந்தும் வண்டி கட்டியும் வந்து, விடியற்காலைப் பூசைக்கும் மாட்டுச் சந்தைக்குமாகக் காத்துக் கிடப்பார்களாம். அந்த ராத்திரியைக் கழிக்கத் தட்டிய மேளம் இன்னும் ஓயவில்லை.

தேவாலயத்தைச் சுற்றி ஆட்கள் வட்டம் வட்டமாக நிற்கிறார்கள். வட்டத்துக்கு 'ரோந்தா' என்று பெயர். சுற்றி நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் தம்புரெல்லோ: மர வளையம், ஒருபக்கம் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், வளையத்தின் இடுக்குகளில் தகரச் சில்லுகள். இடது கை பிடித்து ஆட்ட, வலது கை அடிக்கிறது. கட்டைவிரல் பக்கம் ஒன்று, விரல்நுனி ஒன்று, மறுபடி கட்டைவிரல். தகிட தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடுகிறது. கேட்க எளிது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் தன் மேளத்தைத் திருப்பிக் காட்டினார். தோலின் ஓரத்தில் காய்ந்த பழுப்புக் கறை. கட்டைவிரலை நீட்டி, "இதோட ரத்தம்" என்றார். தோல் உரிந்து ரத்தம் வந்தாலும் நிறுத்தமாட்டார்கள். கறை படிந்த மேளத்தைக் கழுவுவதும் இல்லை போல.

வட்டத்துக்குள் முதலில் ஒரு ஜோடி 'பிட்சிகா' ஆடியது. பெண்ணின் கையில் கைக்குட்டை. ஆண் நெருங்குவான், அவள் திரும்பிக்கொள்வாள். பாதம் தரையை விட்டு அதிகம் எழும்பாமல் குதித்துக்கொண்டே இருக்கிறது. கடைசிவரை இருவரும் தொட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு மணிக்கு மேல் ஆண்கள் இருவர் இருவராக இறங்கினார்கள். இது 'ஸ்கெர்மா', கத்திச் சண்டை ஆட்டம். கத்தி கிடையாது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கத்தியாக நீள்கின்றன. கண்ணைக் கண் விடாமல் சுற்றிவந்து, மேளம் சூடேறும் நேரத்தில் எதிராளியின் நெஞ்சைத் தொட்டுவிட்டால் வெற்றி. சந்தைக்குக் குதிரை விற்க வந்த ரோமா (ஜிப்சி) மக்களின் ஆட்டம் என்று சொல்கிறார்கள். தோற்றவன் சிரித்துக்கொண்டே கை குலுக்கினான். ஆனால் தொடுவதற்கு முந்தைய நொடியில் அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. நான் பார்த்தேன்.

மூன்று மணி வாக்கில் பெரியவர் தண்ணீர் குடிக்கப் போனார். மேளத்தை என் கையில் திணித்துவிட்டார். இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தேன். வலது கையைவிட இடது மணிக்கட்டுதான் முதலில் செத்தது. அடி பிசகியபோது ஆடிக்கொண்டிருந்த பெண் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பக்கத்து மேளக்காரர் சத்தத்தைக் கூட்டி என் தப்பை மூடிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து கலத்தீனா என்ற ஊருக்குப் போனேன். இந்தத் தாளத்தின் இன்னொரு பக்கம் அங்கே இருக்கிறது. முன்பெல்லாம் கோதுமை வயலிலும் புகையிலைத் தோட்டத்திலும் வேலை பார்த்த பெண்கள், 'தராந்தா' என்ற சிலந்தி கடித்துவிட்டதாகச் சொல்லிச் சுருண்டு விழுவார்கள். வீட்டுக்கே வயலினும் தம்புரெல்லோவும் வரும். எந்த மெட்டுக்கு அவள் உடம்பு அசைகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில், சிலசமயம் நாள்கணக்கில் வாசிப்பார்கள். நார்தோ ஊரின் முடிதிருத்துபவர் லூயிஜி ஸ்திஃபானி இதில் பேர்போன வயலின்காரர். குணமானவர்கள் ஜூன் 29 அன்று கலத்தீனாவில் உள்ள சான் பாவ்லோ (புனித பவுல்) சிற்றாலயத்துக்கு வருவார்கள். மால்டாவில் பாம்பு கடித்தும் சாகாத பவுல்தான் விஷத்துக்குக் காவல்.

1959இல் எர்னஸ்தோ தெ மர்த்தினோ என்ற ஆய்வாளர் இங்கே வந்தார், மனநல மருத்துவர், இசை ஆய்வாளர் உள்ளிட்ட குழுவோடு. கடிபட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடி வருடாவருடம் அதே பருவத்தில் திரும்பியது. சிலந்தி அப்படி நாள் பார்த்துக் கடிக்குமா? 1961இல் வந்த அவருடைய புத்தகத் தலைப்பில் உள்ள 'ரிமோர்சோ' என்ற சொல்லுக்கு மனஉறுத்தல் என்றும் பொருள், மறுகடி என்றும் பொருள். விருப்பமில்லாத கல்யாணம், தீராத வறுமை, வாய்விட்டுச் சொல்ல முடியாத ஆசை எல்லாவற்றுக்கும் அந்தப் பூச்சி பேர் கொடுத்தது என்று புரிந்துகொண்டேன்.

சிற்றாலயம் ரொம்பச் சின்னது. அதன் கிணற்றுத் தண்ணீரைத்தான் அந்தப் பெண்கள் குடித்தார்களாம். வெளியே வந்தால் ஒரு கடையில் சிலந்தி படம் போட்ட ஃபிரிட்ஜ் காந்தம். எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பதில் பக்கத்தில் சூடான பஸ்திச்சோத்தோ என்ற பலகாரம் வாங்கித் தின்றேன், கஸ்டர்ட் நாக்கைச் சுட்டது.

1998 முதல் ஆகஸ்ட் கடைசியில் மெல்பின்யானோவில் 'நோத்தெ தெல்லா தராந்தா' என்ற பெரிய இசைவிழா நடக்கிறது. என் லீவு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. ஊருக்குக் கிளம்பும் அன்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, கட்டைவிரலில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். "உடைக்காதே, தானா ஆறும்" என்றார்.