நிற்காத வலிப்பு: புதுச்சேரியில் ஓர் ஆய்விதழ்

ஜனவரி 19, முத்தியால்பேட்டை

பெயர் இன்னும் முடிவாகவில்லை, வேலை தொடங்கிவிட்டது. நரம்பு மண்டல நோய்களுக்கான சிகிச்சைகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, மதிப்பாய்வுக் கட்டுரைகளை மட்டுமே வெளியிடும் காலாண்டு ஆய்விதழ். இந்திய நரம்பியல் சங்கம் 1951இல் சென்னையில் தொடங்கியது. அதன் ஆய்விதழ் 1953 முதல் வந்துகொண்டிருக்கிறது. புதிய ஆய்வுகளுக்கு இடம் தர அதைப் போன்ற இதழ்கள் உண்டு. எங்கள் கவலை வேறு. ஒரே மருந்தைப் பற்றிப் பல ஆய்வுகள் பலவிதமாகச் சொல்லும்போது, பாகூரிலோ குறிஞ்சிப்பாடியிலோ இரவுப் பணியில் தனியாக இருக்கும் இளம் மருத்துவர் எதை நம்புவார்? அவருக்காக யாராவது அத்தனையையும் படித்து, எடைபோட்டு, பொறுப்போடு ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

ஓர் இதழுக்கு ஒரே பொருள். இதில் எல்லோரும் ஒத்துப்போனோம்.

ஜனவரி 27

முதல் இதழுக்கு எந்தப் பொருள் என்று பெரிய விவாதம். நண்பர் ஒருவர் அல்சைமர் நோய்க்கான எதிர்ப்பொருள் மருந்துகளைச் சொன்னார். உலகமே அதைத்தான் பேசுகிறது, உண்மைதான். அவற்றில் ஒன்றான லெக்கனமாப் மருந்துக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் தந்தது. அதன் பெரிய ஆய்வில், 18 மாதங்கள் முடிந்தபோது, நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இருந்த வித்தியாசம் 0.45 புள்ளி. அதை எழுதத்தான் வேண்டும், நிதானமாக எழுதலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காத வலிப்போடு ஒருவரைத் தூக்கிவரும்போது நிதானத்துக்கு நேரமில்லை. கையில் இரும்புச் சாவியைத் திணித்துக்கொண்டு அரைமணி நேரத்தை வீட்டிலேயே கழித்துவிட்டு வரும் குடும்பங்களை நான் இன்றும் பார்க்கிறேன். முதல் இதழ் நிற்காத வலிப்புக்குத்தான் என்று பிடிவாதமாக நின்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 16

மருந்து நிறுவனம் ஒன்றிலிருந்து பேசினார்கள். பின்னட்டை விளம்பரத்துக்கு நல்ல தொகை, ஓராண்டுக்கு. வலிப்பு மருந்து விற்பவர்களின் பணத்தில் வலிப்பு மருந்துகளை எடைபோட முடியாது. மறுத்துவிட்டோம். கட்டுரையாளர்களிடமும் கட்டணம் வாங்கப் போவதில்லை. முதல் ஆண்டுச் செலவை ஆசிரியர் குழுவே பகிர்ந்துகொள்கிறது.

மார்ச் 9, கடலூர்

ஆம்புலன்ஸில் தரும் முதல் சிகிச்சை பற்றிய கட்டுரைக்காக, 108 வண்டியில் பல வருடம் பணிபுரிந்த தொழில்நுட்பர் ஒருவரைச் சந்தித்தேன். கையை நீட்டி, முழங்கைக்கு உட்புறம் ஊசி ஏற்ற எப்படி நரம்பு (ரத்தக்குழாயைத்தான் அப்படிச் சொல்கிறோம்) தேடுவார் என்று செய்து காட்டினார். இன்னொரு கையால் தன் மணிக்கட்டையே பிடித்து வெடுக்கு வெடுக்கென்று உதறினார். "நோயாளி இப்படித்தான் உதறுவார், மேடம். வண்டியும் ஆடும், என் கையும் ஆடும். நரம்பு எங்கிருந்து கிடைக்கும்?" என்றார்.

அவர் கேட்ட கேள்விக்கு 2012இல் வெளிவந்த ராம்பார்ட் ஆய்வில் விடை இருக்கிறது. அமெரிக்க ஆம்புலன்ஸ்களில் ஒரு பிரிவினருக்கு மிடசோலம் என்ற வலிப்பு மருந்து தசையில் போடப்பட்டது; மற்றவர்களுக்கு லோரசெபம் என்ற மருந்து நரம்பில் ஏற்றப்பட்டது. ஊசி போட்ட பிறகு வலிப்பு அடங்க, நரம்பு வழியில் 1.6 நிமிடம், தசை வழியில் 3.3 நிமிடம். இதை மட்டும் பார்த்தால் நரம்பு வழியே மேல் என்று தோன்றும். ஆனால் ஊசியைப் போட்டு முடிக்கவே தசை வழியில் 1.2 நிமிடமும் நரம்பு வழியில் 4.8 நிமிடமும் ஆயின. மருத்துவமனையை அடையும்போது வலிப்பு நின்றிருந்தவர்கள் தசை வழியில் 73.4 சதவீதம், நரம்பு வழியில் 63.4 சதவீதம். மெதுவாக வேலை செய்யும் வழி, சீக்கிரம் போட முடிவதாலேயே முந்திவிடுகிறது. மருந்தியல் பாடத்தில் மட்டும் நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. ஆடும் வண்டிக்குள் போய்ச் சோதித்ததால்தான் தெரிந்தது. இந்த ஆறு எண்களும் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே கட்டம் கட்டி வர வேண்டும்.

ஏப்ரல் 4

முதல் மருந்துக்கு வலிப்பு அடங்காதபோது தரும் இரண்டாம் கட்ட மருந்துகள் பற்றிய கட்டுரை வந்தது. எழுதியவர் நான் மிகவும் மதிக்கும் பேராசிரியர். லெவெடிராசிட்டம் மற்றவற்றைவிட நன்றாக வலிப்பை நிறுத்துகிறது என்று எழுதியிருந்தார். மதிப்பீடு செய்த இருவருமே ஏற்கவில்லை. 2019இல் வெளியான ஈசெட் ஆய்வில் 384 நோயாளிகளுக்கு மூன்று மருந்துகளில் ஒன்று தரப்பட்டது. லெவெடிராசிட்டம் 47, ஃபாஸ்ஃபெனிடோயின் (உடலுக்குள் ஃபெனிடோயினாக மாறுவது) 45, வால்ப்ரோயேட் 46 சதவீதம் பேருக்குப் பலன் தந்தன. மூன்றுக்கும் வித்தியாசமே இல்லை.

தொலைபேசியில் பேசினேன். "அனுபவத்தில் பார்த்ததைத்தானே அம்மா எழுதினேன்?" என்றார். அனுபவத்தை அனுபவம் என்றே குறிப்பிட்டு எழுதுங்கள் ஐயா, ஆய்வின் முடிவாக எழுத வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

ஏப்ரல் 21

திருத்திய கட்டுரை வந்துவிட்டது. என்ன அருமையாக எழுதியிருக்கிறார்! எது உசத்தி என்ற கேள்வியையே விட்டுவிட்டு, யாருக்கு எது ஆகாது என்று பிரித்திருக்கிறார். கல்லீரல் நோய் உள்ளவருக்கும் கர்ப்பிணிக்கும் வால்ப்ரோயேட்டைத் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தம் குறைந்தவருக்கும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவருக்கும் ஃபெனிடோயின் ஆபத்து. ஃபெனிடோயின் மட்டுமே கையிருப்பில் இருந்தால் நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும். குளுக்கோஸ் டிரிப்ஸில் கலந்தால் மருந்து படிகமாகிவிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வேகம் கூடாது. மருந்து அலமாரியில் எது இருக்கிறதோ அதைத் தாமதிக்காமல் தொடங்குங்கள் என்று முடித்திருக்கிறார். இப்படியொரு கட்டுரைக்காகத்தான் இந்த இதழ்.

மே 13

அச்சகத்தில் பாதி நாள். மருந்து அளவு அட்டவணையின் மெய்ப்பில், லோரசெபம் வரிசையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று இருந்தது. 0.1 என்றிருக்க வேண்டும். அட்டவணையை மறுபடி தட்டச்சு செய்தபோது பூஜ்ஜியமும் புள்ளியும் சேர்ந்து விழுந்துவிட்டன. கண்டுபிடித்தவர் எங்கள் குழுவில் இருக்கும் மூத்த செவிலியர். எண்ணை அவர் படிக்கவே இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தார்: நாற்பது கிலோ ஆளுக்கு நாற்பது மில்லிகிராமா, எத்தனை ஆம்பூல் உடைப்பது என்று. ஒரு தவணைக்கு உச்ச அளவே 4 மில்லிகிராம்தான்.

இனி ஒவ்வோர் அளவையும் மருந்தைக் கையில் எடுத்துப் போடுகிற ஒருவர் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே அச்சுக்குப் போகும். அந்தச் செவிலியரின் பெயர் மருத்துவர்களின் பெயர்களோடு ஆசிரியர் குழுவில் வர வேண்டும் என்றேன். யாரும் மறுக்கவில்லை.

ஜூன் 22

முதல் இதழ் வெளிவந்துவிட்டது. விழா எதுவும் வைக்கவில்லை. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அச்சுப் பிரதி, மற்றவர்களுக்கு இணையத்தில் இலவசம். மருந்து அளவு அட்டவணையைத் தனித்தாளாகவும் அச்சிட்டோம், அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டுவதற்காக.

ஜூலை 3

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மருத்துவரின் கடிதம். தனித்தாளை ஒட்டிவிட்டாராம். "எனக்கு வரும் வலிப்புகளில் பிரசவ நேரத்து வலிப்புதான் அதிகம். தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லையே?" என்று கேட்கிறார்.

அது நான்காவது இதழுக்கென்று வைத்திருந்த பொருள். அங்கே மருந்தே வேறு. 1995இல் பல நாடுகளில் நடந்த ஆய்வு, மெக்னீசியம் சல்பேட் டயசெபத்தையும் ஃபெனிடோயினையும்விடத் தெளிவாக மேலானது என்று காட்டியது. டயசெபம் பெற்றவர்களோடு ஒப்பிட்டால் வலிப்பு திரும்ப வரும் ஆபத்து 52 சதவீதம் குறைவு. ஃபெனிடோயினோடு ஒப்பிட்டால் 67 சதவீதம். விலை மலிவான மருந்து, யாரும் விளம்பரம் செய்யப்போவதில்லை. இரண்டாம் இதழுக்கென்று திட்டமிட்டிருந்த பார்க்கின்சன் நோயைத் தள்ளிவைத்துவிட்டோம். மகப்பேறு மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் சேர்ந்து எழுத இன்று காலை சம்மதித்தார்கள். கடிதம் எழுதிய மருத்துவரையே மதிப்பீட்டாளர்களில் ஒருவராக இருக்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். புதிய தனித்தாள் ஆகஸ்ட் கடைசிக்குள் தயாராகிவிடும்.